கருவாட்டுக்கும் சாம்பிராணிக்கும் நடுவே ஒரு கைப்பை

தஞ்சோங் டாவாயிலிருந்து அந்த அக்கா கொண்டுவந்த கைப்பையை எங்கள் வீட்டு வாசலில் வைத்துத் திறந்ததும், பக்கத்து வீட்டுப் பூனை வேலியைத் தாண்டி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. அவர்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகே எனக்குச் சிரிக்கத் துணிவு வந்தது.

அவர் மலாய்க்காரர். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். நான் அவரை ‘காக்’ என்று கூப்பிடுவேன், மலாயில் அக்காவுக்கு அதுதான் சொல். அவர் என்னை ‘அடிக்’ என்பார், தங்கச்சி மாதிரி. கைப்பேசியில் நான் போடும் படங்களைப் பார்த்திருக்கிறார். பூஞ்சை பிடித்த பழைய தோல் பை ஒரு பக்கம், அதே பை துலங்கி நிற்பது இன்னொரு பக்கம். அதை நம்பி எங்கள் ஊர் பெடோங் வரைக்கும் காடி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பை நல்ல பை. தேன் நிறத்தில் கனத்த மாட்டுத்தோல், பித்தளைப் பூட்டு, உருண்டையான இரண்டு கைப்பிடிகள். கணவரோடு லங்காவி போனபோது ஆசைப்பட்டு வாங்கியதாம். வீட்டுக்கு வந்த பிறகு, கருவாடு விற்கிறவள் இதை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று தோன்றி அலமாரியில் வைத்துவிட்டார். அலமாரி கடையின் பின்கட்டில். பல வருடம் அங்கேயே கிடந்து, வெளியே வெள்ளைப் பூஞ்சையும் உள்ளே கருவாட்டு நாற்றமுமாக ஆகிவிட்டது.

இப்போது அவருடைய மகனுக்கு ஜித்ராவில் பெண் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தட்டுத் தட்டாக அலங்கரித்து எடுத்துப் போவது அவர்கள் வழக்கம், நம் சீர்வரிசை மாதிரி. அதில் ஒரு தட்டில் பெண்ணுக்குக் கைப்பை இருக்கும். பெண்ணின் அப்பா, அம்மா, சின்னம்மா எல்லாருமே ஆசிரியர்கள்.

“புதுசு வாங்கலாம் அடிக்,” என்றார் மலாயில். “என்னால வாங்க முடியறது எல்லாம் கொஞ்ச நாள்ல உரிஞ்சி போற பேக்கு. என்கிட்ட இருக்கிற ஒரே நல்ல சாமான் இதுதான். மருமகளுக்கு இதைக் கொடுக்கணும்னு இருக்கு. ஆனா அந்த வீட்டுல யாராவது திறந்து பார்த்துட்டு, மீன்காரி வீட்டுப் பைன்னு மூக்கைப் பிடிச்சா, என் மகன் அங்க எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவான்?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். கேள்வி முடியும் முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிற வாய் என்னுடையது.

பட்டம் வாங்கி, பினாங்கில் ஓர் அலுவலகத்தில் கொஞ்ச காலம் உட்கார்ந்து, உட்காரவே முடியாமல் திரும்பி வந்தவள் நான். வந்த புதிதில் சுங்கைப் பட்டாணியில் ஒரு பண்டல் கடைக்குள் நுழைந்தேன். வெளிநாட்டுப் பழைய துணியும் பையும் மூட்டையாக வந்து குவியும் கடை. அங்கே சாயம் போன ஒரு பை, கையில் எடுத்ததுமே கனத்தது, வளைத்தால் சுருங்கி நிமிர்ந்தது, உயிரோடு இருக்கிற மாதிரி இருந்தது. வாங்கி வந்து துடைத்தேன். அதோடு பிடித்துக்கொண்டது பைத்தியம். எது அசல் தோல், எது நம் ஊர்ப் புழுக்கத்தில் தானாகப் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரும் போலி என்பதெல்லாம் சில பைகளைக் கெடுத்த பிறகுதான் தெரிந்தது. போலியைக் காப்பாற்ற முடியாது. தோலை, அது எவ்வளவு கெட்டிருந்தாலும், முயன்று பார்க்கலாம். இந்த எண்ணம் எனக்குப் பெரிய உற்சாகம் தந்தது.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. “எவ செத்தாளோ, எவ புருஷன்கூடச் சண்டை போட்டுத் தூக்கிப் போட்டாளோ. ஊரான் வீட்டுத் தரித்திரத்த ஏன்டி வரிசையா அடுக்கி வச்சிருக்கே?” என்பாள். மாட்டுத்தோல் சாமி மேடைப் பக்கம் வரக்கூடாது என்று சட்டமும் போட்டாள். அதனால் என் பட்டறை எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் காடி நிறுத்தும் இடத்தில், அப்பாவின் மோட்டர் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேசை. கிளவுஸ் தொழிற்சாலைக்குப் போகும்போது அப்பா தன் தலைக்கவசத்தைப் பைகளுக்கு நடுவே தேடி எடுப்பார். எடுத்துக்கொண்டு, இதற்கும் மெருகு போட்டுவிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போவார்.

காக்கின் பையை முதலில் வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் பூஞ்சையைத் தட்டினேன். வீட்டுக்குள் தட்டினால் அது மற்ற பைகளுக்குப் பரவிவிடும். தோலுக்கான சோப்பை நுரையாக்கி, நுரையை மட்டும் தொட்டு, வட்டமாகத் துடைத்தேன். தண்ணீர் அதிகமானால் தோல் கறுத்துக் கெட்டியாகும். நிழலில் உலர்த்தி, மெழுகு கலந்த தைலத்தை மெல்லிய பூச்சாகத் தடவி, ஊற விட்டு, மறுபடி தடவினேன். மேல்தோல் மெல்ல மெல்லத் தன் தேன் நிறத்துக்கு வந்தது. பூட்டைத் தேய்த்ததும் முகம் தெரிந்தது.

நாற்றம் மட்டும் அசையவில்லை. சமையல் சோடாவை உள்ளே தூவி வைத்துப் பார்த்தேன். செய்தித்தாளைக் கசக்கி அடைத்தேன். யாரோ இணையத்தில் சொன்னார்கள் என்று கோப்பித் தூளைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டேன். அப்பா முகர்ந்து பார்த்து, “முந்தி வெறும் கருவாடு லா. இப்ப கோப்பியோட கருவாடு. பசியாற ரெடி,” என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, நூல் வாங்க சுங்கைப் பட்டாணிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பையைத் திறந்தால் கருவாட்டு நாற்றம் இல்லை. குனிந்து, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. கோப்பித் தூள் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று நானே முடிவு கட்டி, குதித்துக்கொண்டு அம்மாவிடம் காட்டினேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, “தெரியுதுல்ல, அம்மா இருக்கேன்னு,” என்றாள். அதன் பொருளைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாளே தஞ்சோங் டாவாய்க்குக் கிளம்பிவிட்டேன்.

காக்கின் கடையில் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே நின்று பையை நீட்டினேன். வெளித்தோலைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. கையைப் பலமுறை துடைத்துக்கொண்டு வாங்கினார். பூட்டைத் திறந்தார். திறந்தவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“அடிக். இதுக்குள்ள என்ன பண்ணினே? கெமெஞான் வாசம் வருது.”

கெமெஞான் என்றால் சாம்பிராணி. எனக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டி, வாசல் வரைக்கும் வருவாள். மேசைமேல் இருந்த பை அவள் கண்ணில் பட்டிருக்கிறது. குளிப்பாட்டிய பிள்ளைக்குத் தலைமுடி காயப் புகை காட்டுவது மாதிரி, பையின் வாயைத் திறந்து சட்டிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்திருக்கிறாள். நாற்றமும் போகும், ஊரான் தரித்திரமும் போகும். பிறந்த நாளிலிருந்து வெள்ளிதோறும் அந்தப் புகையைச் சுவாசித்தவள் நான். என் மூக்குக்கு அது காற்று.

காக்குக்கு அது வேறு. அவர்கள் பக்கத்தில் அந்த வாசம் வந்தால் மந்திரவாதியும் கல்லறையும் நினைவுக்கு வரும் என்று அவரே தணிந்த குரலில் விளக்கினார். நான் அம்மாவின் வழக்கத்தைச் சொன்னேன். உடனே நம்பினார். கோபப்படவும் இல்லை.

“எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்,” என்றார். “அங்க உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்களுக்குத் தெரியுமா? மீன் வாசம் வந்தா சிரிப்பாங்க. இது வந்தா, மாமியார் எங்க பொண்ணுக்கு என்னமோ வச்சு அனுப்பியிருக்கான்னு பயப்படுவாங்க. சிரிப்பை நான் தாங்கிக்குவேன் அடிக். இதைத் தாங்க முடியாது.”

பையைத் தட்டிலிருந்து எடுத்துவிடலாம், தொழுகை விரிப்பும் துணியும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் கை பையின் மேல்தான் இருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இன்னொரு முறை கொடுங்கள் என்று கேட்டேன். யோசித்தார். நிச்சயத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது. கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை.

“நாத்தத்தோட ஒருத்தி வீட்டுக்கு அனுப்புவாங்களா? நல்லது செஞ்சேன், அதுக்கு இந்தப் பேச்சா?”

“நல்லதுதாம்மா. அவங்களுக்கு அது ஆகாது.”

“சாமிக்கு ஆகுது, அவங்களுக்கு ஆகாதாக்கும்.”

“அந்தப் பொண்ண பயமுறுத்தி அனுப்பணுமா? சொல்லு.”

இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணத்தில் தன்னால் வம்பு வந்துவிடக் கூடாது என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அதை நான் சமாதானமாக எடுத்துக்கொண்டேன்.

பையை முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவை முகரச் சொன்னேன். “பேக்கு வாசம்தான் வருது,” என்றார். எங்கள் வீட்டில் யார் மூக்கும் உதவாது. எனக்கே தெரியாத ஒன்றைத் துடைத்து எடுக்க வேண்டும். பயமாகவும் இருந்தது, விறுவிறுப்பாகவும் இருந்தது. தெரியாவிட்டால் என்ன, எங்கெங்கே அது ஒளிந்திருக்க முடியுமோ அங்கெல்லாம் போவேன் என்று உட்கார்ந்தேன்.

புகை துணியில்தான் ஆழமாக இறங்கும். ஆகவே உள்துணி முதலில். தையலைப் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக வெட்டி, பூட்டுக்குப் பின்னால் பசை போட்டு ஒட்டியிருந்த இடத்தை மழுங்கிய கத்தியால் மெதுவாகப் பிரித்து, துணியை முழுசாகக் கழற்றினேன். பை குடல் எடுத்த மீன் மாதிரி வாய் பிளந்து கிடந்தது. இப்போது தோலின் உட்புறம் வெறுமையாக, மயிர் எழும்பியது போலச் சொரசொரப்பாகத் தெரிந்தது. சாம்பிராணி ஒரு பிசின். தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பள்ளிக்கூடத்தில் படித்தது இதற்காவது ஆகட்டும் என்று பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, பிழிந்து, உட்புறத்தை மட்டும் துடைத்தேன். மேல்தோலில் பட்டால் சாயம் கழன்றுவிடும். முதலில் அடிப்பக்கத்தில் தெரியாத ஒரு மூலையில் துடைத்துப் பார்த்து, வெளியே நிறம் மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே மேலே போனேன். பஞ்சு லேசாகப் பழுப்பாகி வந்தது. புகையா, சாயமா, அழுக்கா, எனக்குத் தெரியாது. பழுப்பு நிற்கும் வரை துடைத்தேன். ஸ்பிரிட் உறிஞ்சிய எண்ணெய்க்குப் பதிலாக மறுபடியும் தைலம்.

பிறகு அதை மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், துணியில் சுற்றிய அடுப்புக்கரியோடு வைத்தேன். அடுத்த வெள்ளி, அம்மா சட்டியைப் பற்ற வைக்கும் முன்னமே, டப்பாவை அப்பாவின் மோட்டர் முன்னால் ஏற்றிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினேன். பெடோங் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் டப்பாவைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, தே தாரே என்கிற ஆற்றிய டீ குடித்துக்கொண்டு, புகை அடங்கும் வரை இருந்தேன். கடைக்கார அண்ணன் உள்ளே என்ன, கேக்கா என்று கேட்டார். ஒன்றுமே மணக்கக்கூடாத பை என்று சொன்னால் யார் நம்புவார்கள். கேக்தான் என்றேன்.

புது உள்துணியை வீட்டுக்குள் கொண்டுபோகவே இல்லை. பழைய துணியின் துண்டுகளை அளவாக வைத்து வாசலிலேயே வெட்டி, பழைய ஓட்டைகள் வழியாகவே இரண்டு ஊசி போட்டுத் தைத்தேன். புது ஓட்டை குத்தினால் தோல் அந்தக் கோட்டில் பலவீனமாகிவிடும்.

சோதிக்க எங்கே போவது? எங்கள் வீட்டில் சாம்பிராணி தெரியாது. காக்கின் கடையில் கருவாடு தெரியாது. ஒருவேளை, இத்தனை வருடம் அந்தக் கடையில் நின்ற அவருக்குக் கருவாட்டு வாசமே தெரியாதோ? கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். எனக்கு அது காற்று மாதிரி என்றார். அப்படியானால் அவர் மூக்கு சாம்பிராணிக்கு, என் மூக்கு கருவாட்டுக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில், மெர்போக்கில், தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்டுத் தரும் சாலையோரச் செண்டோல் கடையில் சந்தித்தோம்.

காக் வந்ததும் கைகழுவும் இடத்தில் எலுமிச்சை தேய்த்து இரண்டு கையையும் கழுவினார். முதலில் என் முறை. முகத்தை உள்ளே விட்டேன். புதுத் துணி, மெழுகு, தோல். மீன் இல்லை. அவரிடம் கொடுத்தேன். பையின் உள்ளே முகர்ந்தார், பக்கங்களை முகர்ந்தார், தலையாட்டினார். திருப்பிக் கொடுக்கப் போனவர், கைப்பிடி மூக்குக்கு நேராக வந்தபோது நின்றுவிட்டார்.

“இங்க கொஞ்சம் இருக்கு,” என்றார். சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. “ரொம்பக் கொஞ்சம். விட்டுடலாம் அடிக், யாரும் கைப்பிடியை முகர மாட்டாங்க.”

விடுவதா? கைப்பிடி உருண்டையாக இருக்கிறதென்றால் தோலுக்குள்ளே பருத்திக் கயிறு. கவிழ்த்துப் பிடித்த பையில் தொங்கிய கைப்பிடிகள் இரண்டும் நேராகப் புகைக்குள் இருந்திருக்கின்றன. கயிறு குடித்துவிட்டது. கத்தரியும் ஊசியும் நூலும் என் பையில் எப்போதும் இருக்கும். செண்டோல் கிண்ணத்தைத் தள்ளி வைத்து, மேசையிலேயே கைப்பிடியின் அடித்தையலை வெட்ட ஆரம்பித்தேன். காக் வாயில் கை வைத்தார். கயிற்றை உருவி அவரிடம் நீட்டினேன். முகர்ந்துவிட்டு, ஆமாம், இதுதான், இதுதான் என்றார். குரலில் திருடனைப் பிடித்த சந்தோஷம்.

எதிரே ஒரு ஹார்டுவேர் கடை. கயிற்றின் பருமனைக் காட்டச் சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தேன். காக் சாலையைக் கடந்து போய், அதே கனத்தில் புதுக்கயிறு வாங்கி, தன் கையில் படக்கூடாது என்று பிளாஸ்டிக் பையின் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே வைத்து, தோலை மடித்து, மறுபடி தைத்தேன். செண்டோல் கரைந்து வெறும் தேங்காய்ப்பாலாகிவிட்டது. கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தார். இரண்டாவது கைப்பிடியில் என் விரல் நுனி எரிந்தது. நிறுத்தவில்லை.

முடித்ததும் காக் கைப்பிடிகளை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு, “நிச்சயத்துக்கு இந்தத் தட்டை நீதான் தூக்கணும். ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல நீ இருக்கணும்,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூட நாளில் தைத்த பாஜு கூரோங், மலாய்ப் பெண்கள் உடுத்தும் நீள உடை, எனக்கு இன்னும் சரியாக இருந்தது. ஜித்ராவில் பெண் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். வெற்றிலைத் தட்டு, பழத்தட்டு, கேக் தட்டு என்று வரிசையாகப் போக, நடுவில் நான். தட்டில் வெள்ளைப் பூக்களுக்கு மத்தியில் அந்தத் தேன் நிறப் பை. அதைச் சிந்திவிடக்கூடிய தண்ணீர் மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தேன். கூடத்தில் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். காக் பெண்ணின் விரலில் மோதிரம் போட்டார். காக்கின் மகன் ஓரத்தில் ஆண்களோடு நெற்றி வியர்க்க உட்கார்ந்திருந்தான்.

சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் பெண்கள் தட்டுகளைச் சூழ்ந்துகொண்டார்கள். இதற்குத்தான் காக் அத்தனை நாள் பயந்திருந்தார். பெண்ணின் சின்னம்மா, கண்ணாடி போட்டவர், ஆசிரியை என்று பார்த்ததுமே தெரியும், என் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். பையை எடுத்தார். தையலில் விரல் ஓட்டினார். பூட்டைத் தட்டித் திறந்து, முகத்தைக் கவிழ்த்து, நன்றாக உள்ளே முகர்ந்தார். கூடத்தின் அந்தப் பக்கம் காக் தண்ணீர் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் ஊற்றாமல் நின்றிருந்தார்.

“குலித் பெத்துல்,” என்றார் சின்னம்மா. அசல் தோல். அவ்வளவுதான். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார், அவரும் திறந்து முகர்ந்து தலையாட்டிவிட்டுப் பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பெண் கைப்பிடிகளுக்குள் கையை விட்டு முழங்கையில் மாட்டிக்கொண்டு, அலமாரிக் கண்ணாடியில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வைக்கவில்லை.

காக் ஜாடியை எங்கேயோ வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்ததே அப்போதுதான். ஒரு தட்டை இழுத்து, தனக்கும் எனக்குமாகச் சோற்றைப் போட்டார்.

“பசிக்குது அடிக்,” என்றார். “ரெண்டு நாளா எனக்குச் சோறே இறங்கல.”